இரண்டாம் வன்தட்டில் எல்லை வகுத்தல்

(வெள்ளி விழாவையொட்டி, சங்கப் படிப்பகத்தில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரைகள் பல கேட்டு மகிழ்ந்தீர்கள். எனக்கு இடப்பட்டிருக்கும் பணி சிறியது. நம் படிப்பகத்திலுள்ள பழைய கணினிகள் ஆறிலும் இரண்டாவது வன்தட்டு ஒன்றைப் பொருத்தி, அதிலே லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ வேண்டும்; முதல் வன்தட்டிலுள்ள விண்டோசும் கெடாமல் இருக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. ‘ஹார்டு டிஸ்க்’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதனைத்தான் வன்தட்டு என்கிறேன். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்து, வேண்டியபோது வேண்டியதைத் திறந்துகொள்ளும் முறைக்கு ‘டூயல் பூட்’ என்று பெயர். இவ்வேலையைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யாமல் நீங்களே செய்ய வேண்டும் என்று செயற்குழுவில் வற்புறுத்தியவன் நான். செய்யும்போது எங்கே கால் இடறும் என்பதனையும் நானே சொல்ல வேண்டும். ஏனெனில் அந்த இடத்தில் ஒருமுறை விழுந்தவன் நான்.

இயங்குதளம் இரண்டு எதற்கு, ஒன்று போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கணினிகள் நன்கொடையாக வந்தவை, வயதானவை. அவற்றில் ஓடுவது விண்டோஸ் 10. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த அந்த இயங்குதளத்திற்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி உள்ள கணினியைக் கேட்கிறது. செயலியும் புதிய தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. நம் கணினிகள் அந்தத் தேர்வில் தேறவில்லை. அதற்காக அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டுப் புதியன வாங்கும் நிலையில் நம் சங்கம் இல்லை. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ் இத்தகைய கணினிகளிலும் நன்றாக ஓடுகிறது. திருத்தங்களும் விலையின்றிக் கிடைக்கின்றன.

அப்படியானால் விண்டோசை நீக்கிவிடலாமே என்றால், அதுவும் இயலாது. நம் பிள்ளைகள் பலர் கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே முதலில் கேட்கும் கேள்வி, “டாலி தெரியுமா?” என்பதுதான். டாலியோ விண்டோசுக்கென எழுதப்பட்ட மென்பொருள். ஆதலின் டாலி பழக விண்டோஸ், அதுவும் இணையத் தொடர்பு இல்லாமல். இணையத்தில் தேடவும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும், தேர்வுக்குப் படிக்கவும் லினக்ஸ் என்று வகுத்துக்கொண்டோம். இந்த ஏற்பாடு நமக்குப் புதியதும் அன்று. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்சும் இடம்பெற்றிருந்தது. உங்கள் அண்ணன்மாரையும் அக்காமாரையும் கேட்டுப் பாருங்கள். அதனைத் திறந்து பார்த்தோம் என்று சொல்பவர் சிலராகத்தான் இருப்பர்.

இனி, நான் விழுந்த கதையைச் சொல்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன், இந்த விழா மலருக்காக நம் ஊர்ப் பெரியவர்கள் பதினொருவரின் பேச்சைப் பதிவு செய்தோம். சங்கம் தொடங்கிய நாளில் செங்கல் சுமந்தவர்கள், வீடு வீடாகப் பிடி அரிசி திரட்டியவர்கள், கையெழுத்திடத் தெரியாமல் கைநாட்டு வைத்து முதல் தீர்மானத்தை நிறைவேற்றியவர்கள் அவர்கள். பேச்சை எல்லாம் அலுவலக அறைக் கணினியின் வன்தட்டில் ஏற்றிவிட்டு, கைப்பேசியில் இடமில்லை என்று அங்கிருந்ததை அழித்துவிட்டோம். வேறு எங்கும் படி எடுத்து வைக்கவில்லை. அது என் முதல் தவறு.

சில வாரங்கள் கழித்து, அதே கணினிக்கு இரண்டாவது வன்தட்டு வாங்கினேன். பழையது எந்த நிறுவனத்துடையதோ அதே நிறுவனம். அதே 500 ஜிபி அளவு. லினக்ஸ் நிறுவும் பென் டிரைவைச் செருகித் தொடங்கினேன். திரையில் இரண்டு தட்டுகளும் ஒரே பெயரோடும் ஒரே அளவோடும் தெரிந்தன. ஒன்றின் எதிரே எஸ்.டி.ஏ. என்றும், மற்றொன்றின் எதிரே எஸ்.டி.பி. என்றும் இருந்தது. முதலாவது பழையதாகத்தான் இருக்கும், இரண்டாவது புதியதாகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, இரண்டாவதை முழுவதும் அழித்து நிறுவு என்று ஆணையிட்டேன். அது என் இரண்டாவது தவறு. அந்தப் பெயர்கள், கணினி தொடங்கும்போது எந்தத் தட்டு முதலில் கண்ணில் படுகிறதோ அந்த வரிசையில் இடப்படுபவை. எந்தத் தட்டு எதுவென்று அவற்றை நம்பி முடிவு செய்யலாகாது.

அருகில் இருந்த தம்பி ஒருவன் பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, பழைய டிஸ்க்குதான் ஓடுது. புதுசு சும்மா இருக்கு” என்றான். மின்சாரத்தை உடனே நிறுத்தினேன். அதற்குள் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தத் தம்பிதான், “இனிமே அதுல எதையும் எழுதக் கூடாதுண்ணே” என்று என்னைத் தடுத்தவன். பழைய தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, ‘போட்டோரெக்’ என்னும் இலவச மீட்பு மென்பொருளை ஓடவிட்டு, கிடைப்பதை எல்லாம் புதிய தட்டில் சேர்த்தோம். இரண்டு இரவுகள் ஆயின. அந்த மென்பொருள் கோப்பின் உள்ளடக்கத்தை அடையாளம் கண்டு மீட்குமே தவிர, நாம் இட்ட பெயரை மீட்காது. எனவே குரல்கள் பெயரின்றி வந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டு, “இது கிழக்குத் தெருப் பெரியம்மா, இது நம்ம பழைய பொருளாளர்” என்று குரலை வைத்தே பெயர் எழுதினோம். ஏழு பேர் கிடைத்தார்கள். நால்வர் கிடைக்கவில்லை. அந்த நால்வரில் இருவரிடம் மறுபடியும் சென்று பதிவு செய்துவந்தோம். மற்ற இருவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். வெளிவரவிருக்கும் மலரில் ஒன்பது பேருடைய நினைவுகள் அச்சேறுகின்றன. பதினொன்று இருந்திருக்க வேண்டும்.

இதனை அனுதாபம் வேண்டிச் சொல்லவில்லை. நாளை நீங்கள் அதே திரையின் முன் அமரும்போது, விரல் ஒரு கணம் நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வன்தட்டைப் பிரிப்பது என்றால் என்ன? கோடு, எல்லை, பிரிவினை என்ற சொற்கள் நம்மவர் காதுக்கு இனிய சொற்கள் அல்ல. ஊருக்கும் சேரிக்கும் இடையே கிழித்த கோட்டைக் கண்டவர்கள் நம் பாட்டன்மார். வன்தட்டில் நாம் போடும் கோடு வயலுக்கு இடும் வரப்பைப் போன்றது. லினக்ஸ் பழுதாகி மீண்டும் நிறுவ நேர்ந்தாலும், அந்த ஒரு பாத்தியை மட்டும் கொத்திவிட்டு மற்றதைத் தொடாமல் விடலாம். அதுவே அதன் பயன்.

வரப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதனை வன்தட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை சொல்லும். நிலத்துக்குக் கிராமக் கணக்கு எப்படியோ, தட்டுக்கு இந்த அட்டவணை அப்படி. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அது எவ்வகையைச் சேர்ந்தது என்பதே அதில் எழுதப்பட்டிருக்கும். கணக்குப் புத்தகத்தைக் கிழித்துவிட்டால் நிலம் மறைந்துவிடாது. எவருடைய நிலம் எது என்று சொல்ல ஆள் இல்லாமல் போகும். பிரிவை அழித்தவுடன் தகவல் அழிவதில்லை. அதன்மேல் புதிதாக எழுதும்போதுதான் அழிகிறது. ஏழு குரல்கள் பிழைத்தது இதனால்தான். ஆனால் எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத தட்டுகளில் இந்த நம்பிக்கை வேண்டா. அழிக்கப்பட்ட இடத்தை அவை தாமே துடைத்து வைத்துவிடக்கூடும்.

அட்டவணையில் இரு வகை உண்டு. எம்.பி.ஆர். என்பது 1983-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பழைய முறை. அதில் முதன்மைப் பிரிவுகள் நான்குக்கு மேல் இடமில்லை. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை அது முழுமையாக ஆளாது. ஜி.பி.டி. என்பது புதிய முறை. வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் தரும். அட்டவணையின் மறுபடி ஒன்றைத் தட்டின் கடைசியிலும் வைத்திருக்கும். நம் கணினிகள் ஆறும் யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்குபவை, நான் பார்த்துவிட்டேன். ஆகவே ஜி.பி.டி.யையே கொள்வோம்.

இனி, வேலையின் வரிசையைச் சொல்கிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, கணினியில் உள்ள வேண்டிய கோப்புகளை எல்லாம் வெளித்தட்டு ஒன்றில் படி எடுங்கள். எடுத்த படியைத் திறந்து பாருங்கள். திறக்காத படி, படி ஆகாது.

இரண்டாவது, விண்டோசில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் வசதியை நிறுத்துங்கள். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த வசதி அது. அது இயங்கினால், கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுவதும் மூடப்படுவதில்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு உறங்கப் போனவன் கதையாகிவிடும். அந்த நேரத்தில் லினக்ஸ் வந்து அதே ஏட்டில் எழுதினால் இருவர் எழுத்தும் கெடும். தட்டு ‘பிட்லாக்கர்’ கொண்டு பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு வன்தட்டின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டில் வரிசை எண் இருக்கும். நிறுவனமும் அளவும் ஒன்றாக இருக்கலாம். வரிசை எண் ஒன்றாக இராது. பொருத்துவதற்கு முன்பே அதனை எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட அதுவே ஆதாரம்.

நான்காவது, நான் செய்யத் தவறியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விண்டோஸ் இருக்கும் முதல் தட்டின் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். இரண்டாவது தட்டு மட்டும் இணைந்திருக்கட்டும். கணினிக்குத் தெரியாத தட்டை நம்மால் தவறியும் அழிக்க முடியாது. இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. லினக்சைத் தொடங்கிவைக்கும் ‘பூட் லோடர்’, இரண்டு தட்டுகளும் இணைந்திருந்தால் சில வேளைகளில் முதல் தட்டிலேயே போய் அமர்ந்துகொள்ளும். நாளை ஒரு தட்டு பழுதானால் இரண்டு இயங்குதளங்களும் எழாமல் போகும். தனித்து நிறுவினால் அவரவர் திறவுகோல் அவரவர் இடுப்பில் இருக்கும்.

ஐந்தாவது, பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, நிறுவும் முறையைக் கேட்கும் இடத்தில் ‘முழுவதையும் அழி’ என்பதனைத் தொடாமல், பிரிவுகளை நாமே வகுக்கும் ‘சம்திங் எல்ஸ்’ என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். 500 ஜிபி என்று எழுதி விற்ற தட்டு, கணினியில் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பவர் ஒரு ஜிபி என்பதனை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோசோ 1024-ஐ மும்முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. பொருள் ஒன்றே, படி வேறு.

அந்த 465-ஐ இவ்வாறு பங்கிடுவோம். தொடக்கக் கோப்புகளுக்கு இ.எஃப்.ஐ. பிரிவு, அரை ஜிபி, ஃபேட்32 வகை. லினக்ஸ் இயங்குதளத்துக்கு 60 ஜிபி, எக்ஸ்ட்4 வகை. இதனை ‘ரூட்’ என்பர். நினைவகம் போதாதபோது துணைக்கு வரும் ‘ஸ்வாப்’ பிரிவுக்கு 8 ஜிபி. பயன்படுத்துவோரின் சொந்தக் கோப்புகளுக்கு ‘ஹோம்’ என்னும் பிரிவு, 100 ஜிபி, அதுவும் எக்ஸ்ட்4. எஞ்சிய ஏறத்தாழ 296 ஜிபி இடத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டுவிடுங்கள். அது பொது இடம்.

பொது இடம் எதற்கு? எக்ஸ்ட்4 வகைப் பிரிவை விண்டோஸ் தானாகப் படிக்காது, விண்டோசின் என்.டி.எஃப்.எஸ். வகைப் பிரிவை லினக்ஸ் படிக்கவும் எழுதவும் செய்யும். எனவே இருவரும் புழங்க வேண்டிய பாடநூல்கள், வினாத்தாள்கள், சங்க ஆவணங்கள் ஆகியவை என்.டி.எஃப்.எஸ். பிரிவில்தான் இருக்க வேண்டும். லினக்ஸ் நிறுவி முடித்து, முதல் தட்டின் கம்பிகளை மீண்டும் இணைத்த பிறகு, விண்டோசில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்ற பகுதியைத் திறந்து அந்த வெற்றிடத்தை என்.டி.எஃப்.எஸ். ஆக்கி, ‘பொது’ என்று பெயரிடுங்கள். அப்போது லினக்ஸ் பிரிவுகளைக் காட்டி, “இதனை ஃபார்மட் செய்யட்டுமா?” என்று விண்டோஸ் சில வேளைகளில் கேட்கும். தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தைக் கண்டு, இது வெற்றுத்தாள் என்று எண்ணும் அறியாமை அது. வேண்டா என்று சொல்லிவிடுங்கள்.

ஆறாவது, கணினியைத் தொடங்கியவுடன் எஃப்12 போன்ற ஒரு விசையை அழுத்தினால், எந்தத் தட்டிலிருந்து தொடங்கலாம் என்ற பட்டியல் வரும். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கண்டுபிடித்து ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். லினக்சிலிருந்து விண்டோசுக்கு மாறினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கக் காண்பீர்கள். அஞ்ச வேண்டா. கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் இந்திய நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் வேறுபாடு அது. உள்ளூர் நேரத்தையே கொள்ளுமாறு லினக்சில் அமைத்துவிட்டால் தீர்ந்தது.

இவ்வளவும் செய்த பின்னர் ஒரு மயக்கம் வரும். ‘பொது’ என்று தனிப்பிரிவு இருக்கிறதே, இனி நம் ஆவணங்களுக்குக் கவலையில்லை என்று தோன்றும். அப்படி எண்ணாதீர்கள். ஒரே தட்டில் ஐந்து பிரிவுகள் இருந்தாலும் தட்டு ஒன்றுதான். வரப்பு எத்தனை இட்டாலும் வெள்ளம் வந்தால் வயல் முழுவதும் மூழ்கும். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, ஐம்பது தட்டுகள் அடுக்கிய பெரும் பெட்டி. அதில் அடங்கியது ஐம்பது இலட்சம் எழுத்து. இன்று நம் உள்ளங்கையில் அடங்கும் 500 ஜிபி தட்டு அதனைப் போல ஒரு இலட்சம் மடங்கு கொள்கிறது. ஒரு இலட்சம் மடங்கு கொள்வது, ஒரே நொடியில் அத்தனையையும் இழக்கவும் செய்யும். ஆகவே சங்க ஆவணங்களுக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும்: கணினியில் ஒன்று, சங்க அலமாரியில் உள்ள வெளித்தட்டில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று. மூன்றாவதைத் தலைவர் தம் வீட்டில் வைத்துக்கொள்ள இசைந்திருக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேலையைத் தொடங்குகிறோம். கணினி ஒன்றுக்கு இருவர். ஒருவர் திரையில் உள்ள வரிசை எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் தாளில் உள்ள எண்ணைப் பார்த்து, “சரி” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே விசையை அழுத்த வேண்டும். எவ்வளவு தெரிந்தவராயினும் தனியாக அழுத்தக் கூடாது. எனக்கும் அதே விதிதான். என்னோடு அமரப்போகிறவன், அன்று பெட்டிக்குள் கை வைத்துப் பார்த்த அந்தத் தம்பி.

முதல் கணினியின் பொதுப் பிரிவில் நாம் முதலில் ஏற்றப்போவது, நம்மிடம் எஞ்சியிருக்கும் ஒன்பது பெரியவர்களின் குரல். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பொன்விழா மலர் அச்சிடுவோர் அதனைக் கேட்க வேண்டும். கேட்கும்படி வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.